நசுக்கினால் காரம், வேகவைத்தால் சாந்தம்: முருங்கை இலைக்குள் நடக்கும் வேதியியல்

எண்ணெயில் வெடித்த கடுகை எவ்வளவு மென்றாலும் மூக்கில் ஏறாது. அதே கடுகைப் பச்சையாகத் தண்ணீர் தெளித்து அரைத்துப் பச்சடியில் கலந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். கடுகு ஒன்றுதான், செய்முறைதான் வேறு. இந்த வித்தியாசம் எதனால் என்று தெரிந்துவிட்டால் முருங்கையின் வேதியியலில் பாதி புரிந்த மாதிரி. காரணம் இரண்டும் சொந்தம். முருங்கை, கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. பப்பாளியும் அதே வரிசைதான். பப்பாளி விதையைக் கடித்தால் மிளகு மாதிரி சுரீரென்று இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்துக் காரம்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கொல்லையிலோ எதிர்வீட்டு மதிலுக்கு மேலோ நிற்கும் மரத்திலிருந்து பத்து இலை பறித்து நன்றாகக் கழுவுங்கள். ஐந்து இலையைப் பச்சையாக மெதுவாக மெல்லுங்கள். முதலில் வெறும் பச்சை வாசனை. சில நொடிகள் கழித்து முள்ளங்கியைக் கடித்த மாதிரி நாக்கில் ஒரு காரம் தட்டும். மீதி ஐந்தைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் மெல்லுங்கள். காரம் ஏறக்குறைய இருக்காது. நாம் நட்டு வளர்க்கும் மரங்கள் தலைமுறை தலைமுறையாகக் காரமும் கசப்பும் குறைந்ததாகப் பார்த்துத் தேர்ந்தவை என்பதால், சில மர இலைகளில் இந்தக் காரம் லேசாகத்தான் தெரியும். இரண்டு மூன்று மரங்களில் பறித்துப் பார்த்தால் வித்தியாசம் நாக்குக்கே பிடிபடும்.

நடப்பது என்ன? இலைக்குள் குளுக்கோமோரிஞ்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கந்தகமும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு. தனியாக இருக்கும்வரை அதற்குக் காரமும் கிடையாது, பெரிய வேலையும் கிடையாது. அதே இலையில், வேறு செல்களில், மைரோசினேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் பூட்டி வைத்த மாதிரி. பூச்சி கடித்தாலோ, நாம் மென்றாலோ, அம்மியில் நசுக்கினாலோ இடைச்சுவர் உடைகிறது. ஈரம் இருந்தால் நொதி உடனே அந்த மூலக்கூறிலிருந்து சர்க்கரையை வெட்டி எடுக்கிறது. மிச்சம் தானாகத் திரிந்து மோரிஞ்சின் ஆகிறது. ஐசோதயோசயனேட் எனப்படும், கந்தகம் கொண்ட காரப்பொருள் வகையைச் சேர்ந்தது இது. காரம் அதுதான். ஆக, மென்ற பிறகு வாயில் இருக்கும் அந்தப் பொருள், மரத்தில் இருந்தபோது இலையில் இல்லவே இல்லை. மரம் இதை நமக்காகச் செய்யவில்லை, கம்பளிப்பூச்சியை விரட்டத்தான் செய்கிறது. மழைக்காலத்தில் சென்னை முருங்கைகளின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பியிருப்பதைப் பார்த்தால், அந்த முயற்சி எல்லாப் பூச்சியிடமும் பலிக்கவில்லை என்றும் தெரியும்.

கடுகின் காரம் ஆவியாகக்கூடியது, அதனால் மூக்குக்கு ஏறுகிறது. மோரிஞ்சினோடு ராம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கனத்தால் அது ஆவியாகாமல் நாக்கிலேயே நிற்கிறது. வேரின் கதை வேறு. அங்கே பென்சைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது, அது ஆவியாகும். முருங்கை வேரை வெட்டினால் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி வருவது அதனால்தான். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் காரக்கிழங்கான ஹார்ஸ்ராடிஷுக்குப் பதிலாக இந்த வேரைத் துருவிப் பயன்படுத்தி, மரத்துக்கே ஹார்ஸ்ராடிஷ் மரம் என்று பெயர் வைத்தார்கள். தாவரவியல் பெயர் மட்டும் நம்முடையது: மொரிங்கா ஒலிஃபெராவில் உள்ள மொரிங்கா, நம் முருங்கைதான்.

கட்டுரைகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மோரிஞ்சின் என்பது மேலே சொன்ன காரப்பொருள். மோரிஞ்சைன் என்று பழைய புத்தகங்களில் வருவது வேர்ப்பட்டையில் கண்ட ஒரு ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் கொண்ட தாவரப்பொருள். பின்னால் அது பென்சைலமைன்தான் என்று தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுபவர்கள் நிறைய.

இந்த மோரிஞ்சின் உடம்பில் என்ன செய்யும்? ஐசோதயோசயனேட்டுகள் செல்லுக்குள் ஒரு எச்சரிக்கை மணியை அடிக்கின்றன. உடனே செல் தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிகின்றன. ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் இது தெளிவாகவே தெரிகிறது. மனிதர்களில் நடந்த சோதனைகள் சிறியவை, குறுகிய காலம் நடந்தவை. தினமும் 7, 8 கிராம் இலைப்பொடி கொடுத்து ரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்ததைக் கண்ட ஆய்வுகள் உண்டு. அதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் அந்த ஆய்வுகளைப் படிக்காதவர்கள்.

நொதி சூட்டுக்கு அஞ்சும். 70 டிகிரி தாண்டினால் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். அப்படியானால் வேகவைத்த கீரை வீணா? இல்லை. நொதி போனாலும் குளுக்கோமோரிஞ்சின் கணிசமாக மிஞ்சுகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதில் ஒரு சிறு பங்கை மோரிஞ்சினாக மாற்றிக் கொடுக்கின்றன. அதோடு, முருங்கை இலையின் பெருமை இந்த ஒரு பொருளில் மட்டும் இல்லை.

அடுத்த கூட்டம் பாலிஃபினால்கள்: குவர்செட்டின், கெம்ப்ஃபெரால், குளோரோஜெனிக் அமிலம். கடைசியாகச் சொன்னது காபிக்கொட்டையிலும் ஏராளம். இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், வெண்ணெய் காய்ச்சும் வாணலியில் பார்க்கலாம். நுரை அடங்கி நெய் தெளியும் சமயத்தில் ஒரு கைப்பிடி முருங்கை இலையைப் போடுவது நம் வீடுகளின் வழக்கம். நெய் கெட்டு மக்கல் வாசம் அடிப்பது, கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால். இலையிலிருந்து இறங்கும் பொருள்கள் அந்தச் சங்கிலியை இடையில் அறுக்கின்றன, நெய் நாள்பட நிற்கிறது. இலை மொறுமொறுவென்று ஆனால் நெய்யில் ஈரம் போய்விட்டது என்றும் அர்த்தம். அடுப்பை அணைக்க அதுவே அடையாளம். ஒன்றே ஒன்று: கழுவிய இலையைத் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்தி விட்டுப் போட வேண்டும். ஈர இலையைப் போட்டால் நெய் மேலே தெறிக்கும், தங்கிவிடும் ஈரம் நெய்யைச் சீக்கிரம் கெடுக்கவும் செய்யும்.

சத்துக் கணக்கும் சமூக வலைக் கணக்கும்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் புரதம் சுமார் 6.4 கிராம், கால்சியம் 314 மில்லிகிராம், இரும்பு 4.6 மில்லிகிராம், வைட்டமின் சி 108 மில்லிகிராம். கீரைகளில் இது உயர்ந்த இடம். பீட்டா கரோட்டினும் ஏராளம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பொடி விற்பவர்களின் அட்டையில். ‘பாலைவிட 17 மடங்கு கால்சியம்’ என்று போட்டிருக்கும். பொய் இல்லை, ஆனால் ஒப்பீடு தவறு. 100 கிராம் காய்ந்த பொடியை 100 கிராம் பாலோடு வைக்கிறார்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர். பொடியில் தண்ணீர் மிகக் குறைவு. 100 கிராம் பொடியில் கால்சியம் சுமார் 2,000 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். நாம் சாப்பிடுவது ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம். கிடைப்பது 60 மில்லிகிராம். ஒரு டபரா ஃபில்டர் காபியில் ஊற்றும் பாலில் பாதியிலேயே அது கிடைத்துவிடும்.

கிடைப்பது முழுவதும் உடம்பில் சேர்வதும் இல்லை. தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சலேட்டும் ஃபைட்டேட்டும் இலையில் உண்டு. ஆக்சலேட்டில் பெரும்பகுதி கால்சியத்தோடு கெட்டியாகப் பிணைந்து கரையாத வடிவில் இருப்பதால், சிறுநீரகக் கல்லுக்கு அது பசலை வகைக் கீரைகள் அளவுக்குப் பயப்பட வேண்டியதல்ல. ஆனால் அப்படிப் பிணைந்த கால்சியம் நமக்கும் கிடைக்காது. இரும்பின் கதையும் இதுதான். பாலிஃபினால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வைட்டமின் சி அதை விடுவிக்கும். அதனால் பொரியல் சாப்பிடும் வேளையில் எலுமிச்சை பிழிந்த ரசமோ ஒரு நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் இரும்பில் கணிசமான பகுதி வீண். ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

கரோட்டின் கொழுப்பில் மட்டுமே கரையும். தேங்காய்த்துருவலும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் போட்ட பொரியல், எண்ணெயே காணாத ‘டயட்’ சூப்பைவிட இந்த விஷயத்தில் மேல். ஆடிக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல் வைப்பவர்கள் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ஆனால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆய்வதிலிருந்து இறக்குவது வரை

கோயம்பேட்டில் கட்டாக வாங்கி வந்த கீரையை இரவு செய்தித்தாளிலோ துணியிலோ சுற்றி வைத்தால், காலையில் உதறினாலே இலைகள் கொட்டும். மூடிய இடத்தில் எத்திலீன் என்ற வாயு சேர்கிறது; அது காம்பும் இலையும் சேரும் இடத்தைத் தளர்த்துகிறது. பழத்தை அரிசிப் பானையில் வைத்துப் பழுக்க வைப்பதும் இதே வாயுவின் வேலை. கை வலி மிச்சம். பதிலுக்கு வைட்டமின் சி கொஞ்சம் போகும். இரண்டு இரவு வைத்தால் நிறையவே போகும், இலையும் மஞ்சளாகும். நேரம் இருந்தால் பறித்த அன்றே உருவி ஆய்வது நல்லது. ஈர்க்கைத் தூக்கிப் போடாமல் ரசத்தில் போடலாம். நார் என்பதால் கடித்துச் சாறு உறிஞ்சித் துப்பிவிடுவது வழக்கம்.

ஆய்ந்த பிறகு கழுவுங்கள், நறுக்க வேண்டாம். நறுக்கிக் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். வேகவைத்த நீரைக் கொட்டுவதும் அதே பிழை. வாணலியை மூடாமல் 5 முதல் 7 நிமிடம் வதக்கினால் போதும். மூடினால் இலையிலிருந்து வெளியேறும் அமில ஆவி உள்ளேயே சுற்றி, பச்சயத்தின் நடுவில் உள்ள மக்னீசியத்தைக் கழற்றிவிடும், கீரை பழுப்பாகும். புளியோ எலுமிச்சையோ முன்னாலேயே விட்டாலும் அப்படித்தான். இறக்கிய பின் பிழிந்தால் பச்சை நிற்கும், வைட்டமினும் நிற்கும். கசப்பு தெரிந்தால் பெரும்பாலும் முற்றிய இலை; ஒரு சிட்டிகை சர்க்கரையும் கூடுதல் தேங்காயும் அதைத் தணிக்கும்.

பச்சை இலைச் சாறு குடிக்க விரும்புபவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு சிறு கைப்பிடி, சுமார் 10 கிராம் இலையை அரைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மோரில் கலந்து சாப்பாட்டோடு குடிக்கலாம். அந்த ஐந்து நிமிடம் நொதி வேலை செய்வதற்கு. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கெட்டிச் சாறு குடித்தால் வயிற்றெரிச்சலும் பேதியும் வருவது அதிசயமில்லை. காரம் உண்டாக்கும் பொருளைக் காலிக் குடலில் ஊற்றினால் வேறென்ன ஆகும்?

பொடியும் மொட்டைமாடியும்

சென்னையில் முருங்கைப் பொடி கெடுவதற்குக் காரணம் கடற்காற்று. ஈரப்பதம் எப்போதும் அதிகம். வத்தல் மாதிரி மொட்டைமாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் வெளிச்சம் கரோட்டினைச் சிதைத்து இலையை வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். நிழலில் போட்டால் நிறம் நிற்கும். மெதுவாகக் காய்வதால் பூஞ்சை பிடிக்கும் அபாயம். நடுவழி: இலையை இரண்டு முறை கழுவி, நீர் வடிய விட்டு, வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே வைப்பது. மூன்று நாளில் கையில் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். செய்தே தீர வேண்டுமானால் 50 டிகிரியில் ஓடும் உலர்த்தும் கருவி தேவை. 4, 5 பங்கு இலைக்கு 1 பங்கு பொடி கிடைக்கும். வெளிச்சம் படாத டப்பாவில் இறுக மூடி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மெதுவாகக் காய்ந்த பொடியில் நொதி உறங்கிக்கொண்டிருக்கும், ஈரம் பட்டால் எழும். அதனால் காரப்பொருள் வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரில் கலந்து சில நிமிடம் வைக்க வேண்டும். கொதிக்கும் சாம்பாரில் தூவினால் கிடைப்பது பெரும்பாலும் தாது உப்பும் நாரும்தான். இரண்டும் நல்லதே, எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அரை டீஸ்பூனில் தொடங்கி, வயிறு ஒத்துக்கொண்டால் ஒன்றாக்கலாம். போக்குவரத்து நெரிசல் மிக்க சாலையோர மரத்து இலையைப் பொடிக்கு எடுக்க வேண்டாம். பொடியாக்கும்போது சத்து செறிவது போலவே, படிந்த புகைத்தூசியும் செறியும்.

யார் கவனிக்க வேண்டும்

வாரம் இரண்டு நாள் பொரியலோ சாம்பாரோ சாப்பிடுவதில் பெரும்பாலோருக்கு எந்தத் தடையும் இல்லை. கவலை, தினசரிப் பொடி, சாறு, மாத்திரை வடிவங்களில்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை எதிர்க்கும். அளவு திடீரென்று ஏறி இறங்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் இரண்டும் அளவுக்கு மேல் தாழலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் பொடியை அதோடு சேர்க்காமல் பல மணி நேர இடைவெளி விடட்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் சேரும்.

வேரும் வேர்ப்பட்டையும் வேறு விஷயம். அங்கே நரம்பைப் பாதிக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. எலிகளில் கருவைக் கலைத்ததாகவும் ஆய்வுகள் உண்டு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சித்த மருத்துவத்தில் வேர்ப்பட்டை வரும், ஆனால் அளவு தெரிந்தவர் கையில். தேவைப்படுபவர்கள் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் கேட்டுச் செய்யட்டும். முருங்கைக்காய்க்கும் பூவுக்கும் ஆண்மையோடு முடிச்சுப் போட்ட பேச்சு நம் ஊரில் நெடுநாளாக ஓடுகிறது. மனிதர்களில் அதை நிரூபித்த நல்ல சோதனை கிடையாது. காயில் வைட்டமின் சி-யும் நாரும் இருக்கின்றன, சாம்பாருக்கு மணம் இருக்கிறது, அது போதாதா.

விதை: தெளிய வைக்கும் புரதம்

விதைப் பருப்பில் 30 முதல் 40 சதவீதம் எண்ணெய். அதில் சுமார் 70 சதவீதம் ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் இருப்பதுதான். ஆனால் சுவாரஸ்யம் புரதத்தில் இருக்கிறது. நீரில் கரையும் ஒரு சிறு புரதம் நேர்மின் ஏற்றம் கொண்டது. கலங்கல் நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் படியாமல் மிதக்கின்றன. விதைப் புரதம் அவற்றை ஒட்டவைத்துக் கட்டியாக்குகிறது, கட்டி அடியில் இறங்குகிறது. குடத்துக்குள் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்தார்களே, அதே நோக்கம்.

20 லிட்டர் லேசான கலங்கலுக்கு 5 விதை, சேறாக இருந்தால் 20 வரை. மரத்திலேயே காய்ந்த நெற்றிலிருந்து எடுத்த விதை வேண்டும்; பச்சைக்காய் விதை வேலை செய்யாது. விதைக்கடைப் பொட்டலத்தில் வரும் பி.கே.எம்-1 என்ற முருங்கை ரகத்தின் விதை பூஞ்சைக்கொல்லி பூசியதாக இருக்கலாம், அதைத் தொடாதீர்கள். சிறகையும் தோலையும் நீக்கி, நிறம் மாறிய பருப்பை ஒதுக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் இடித்து, ஒரு டம்ளர் சுத்தமான நீரில் ஐந்து நிமிடம் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பால் போல வடிந்த அந்தக் கரைசலைக் கலங்கல் நீரில் ஊற்றி இரண்டு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்க வேண்டும். கடைசிவரை வேகமாகக் கலக்கினால் சேர்ந்த கட்டி மறுபடி உடையும். சரியாகத் தெளியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். மூடி வைத்து ஒரு மணி நேரமாவது அசைக்காமல் விட வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின் கிணறு கலங்கியிருக்கும் நாட்களுக்கு இது உதவும். போர்வெல் உப்புத் தண்ணீருக்கு உதவாது. கரைந்த உப்பு துகள் இல்லை, அதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எண் அப்படியே நிற்கும். கிருமிகளில் பெரும்பகுதி மண்ணோடு இறங்கினாலும் எல்லாம் இறங்காது. விதையிலிருந்து வந்த கரிமப்பொருள் நீரில் மிஞ்சுவதால் மறுநாள் நாற்றமும் வரும். எனவே தெளிந்ததை வண்டல் கலங்காமல் வேறு பாத்திரத்தில் இறுத்து, நன்றாகக் கொதிக்க வைத்து, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அடியில் தங்கிய வண்டலைச் செடிக்கு ஊற்றலாம்.